உருக்குக் குண்டு விழும் இடம்

இலங்கையில் மட்டக்களப்புக்குக் கிட்டவுள்ள ஆரையம்பதியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அலுமினிய யன்னலும் கதவும் செய்யும் சிறிய பட்டறை ஒன்று வைத்திருக்கிறேன். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்தவன். அதன் பிறகு கைக்கு வந்தவை அளவுநாடாவும் துளைபோடும் இயந்திரமும்தான் என்றாலும் பௌதிகவியல் மீதிருந்த பற்று இன்னும் விட்டுப்போகவில்லை. அக்காவின் மகள் இந்த வருடம் உயர்தர வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் கொப்பியும் கையுமாகப் பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, இந்தக் கணக்கைப் பிழையாக அச்சடித்துவிட்டார்கள் போலிருக்கிறது. எப்படிச் செய்தாலும் விடை வரவில்லை."

கணக்கு இதுதான். 15 மீற்றர் உயரமான கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு பந்து 10 மீ/செக்கன் வேகத்தில் நிலைக்குத்தாக மேல்நோக்கி எறியப்படுகிறது. அது தரையை அடைய எவ்வளவு நேரமாகும்? புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 மீ/செக்கன்² எனக் கொள்க. (தமிழ்நாட்டுப் பாடநூல்களில் முடுக்கம் என்று இருப்பதுதான் எங்கள் பாடநூல்களில் ஆர்முடுகல்.)

அவளுக்குச் சமன்பாடுகள் மனப்பாடம். இடப்பெயர்ச்சி = தொடக்க வேகம் × நேரம் + ½ × ஆர்முடுகல் × நேரம்² என்பதை எடுத்து, நேரத்தை 'நே' என்று குறித்து, 15 = 10நே − 5நே² என எழுதியிருந்தாள். ஒழுங்குபடுத்தினால் நே² − 2நே + 3 = 0. மெய்யான மூலம் உண்டா என்று காட்டும் தன்மைகாட்டி 4 − 12, அதாவது −8. மெய்யான மூலம் கிடையாது. அந்த இடத்தில் பேனாவை அழுத்தி ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.

அந்தக் கேள்விக்குறியைப் பார்த்ததும் எனக்கு உண்மையில் சந்தோஷமாக இருந்தது. வேறு பிள்ளை என்றால் கழித்தல் குறியைப் பேசாமல் கூட்டலாக்கி ஏதாவது ஒரு விடையை எழுதிவிட்டுப் போயிருக்கும். இவள் அப்படிச் செய்யவில்லை.

"கணக்கில் பிழையில்லை, மகள். நீ கேட்டதற்குச் சமன்பாடு சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறது. நீ என்ன கேட்டாய் என்று பார். மேல்நோக்கியதை நேராக எடுத்துக்கொண்டு, இடப்பெயர்ச்சி 15 என்று போட்டிருக்கிறாய். அப்படியானால் எறிந்த கைக்கு 15 மீற்றர் மேலே பந்து எப்போது இருக்கும் என்பதுதான் கேள்வி. 10 மீ/செக்கனில் எறிந்த பந்து எவ்வளவு உயரம் போகும்?"

கணக்குப் போட்டாள். உச்சியில் வேகம் சுழி. 10² ஐ 2 × 10 ஆல் வகுத்தால் 5 மீற்றர். 5 மீற்றருக்கு மேல் போகவே முடியாத பந்து 15 மீற்றருக்கு எப்போது வரும் என்று கேட்டால், ஒருபோதும் வராது என்பதைத்தான் அந்த −8 சொல்கிறது.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு −15 = 10நே − 5நே² என்று தானே மாற்றி எழுதினாள். நே² − 2நே − 3 = 0. மூலங்கள் 3, −1. விடை 3 செக்கன். −1 ஐ ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் "நேரம் மறையாகாது" என்று எழுதினாள். வகுப்பில் அப்படித்தான் எழுதச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களாம். அந்த வெட்டு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு வேறொரு நாள் வேண்டியிருந்தது.

அன்றைக்கு ஒன்று மட்டும் புரிந்தது. பிள்ளைக்குச் சமன்பாடு தெரியும். அந்தச் சமன்பாட்டுக்குள் ஒரு பந்து இருக்கிறது என்பது தெரியவில்லை. அவளுடைய கொப்பியில் 20 பக்கக் கணக்குகள் இருந்தன. ஒரு பக்கத்திலும் படம் இல்லை, ஒரு படத்திலும் அம்புக்குறி இல்லை. தாளில் போட்ட விடையைத் தரையில் விழவைத்துக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். பட்டறையில் கழிவுத் துண்டுகளுக்குப் பஞ்சமில்லை.

முதலில் சாய்தளம். 'ப' வடிவ அலுமினியச் சட்டத்தில் 8 அடி நீளத் துண்டு ஒன்று மிச்சம் கிடந்தது. உள் அகலம் 12 மி.மீ. பழைய பெயரிங்கை உடைத்து எடுத்த உருக்குக் குண்டின் விட்டத்தை வேணியர் இடுக்கியால் அளந்தால் 19 மி.மீ. குண்டு சட்டத்தின் அடியைத் தொடாமல் இரண்டு விளிம்புகளில் ஏறி உட்கார்ந்து ரயில்போல் ஓடியது. 2 மீற்றர் இடைவெளிக்கு 10 செ.மீ. ஏற்றம் வரும்படி ஒரு முனைக்குக் கீழே மரத்துண்டுகள் வைத்தேன். சாய்வின் சைன் பெறுமானம் 0.05.

எதற்காகச் சாய்தளம் என்று கேட்டாள். நேராகக் கீழே விட்டால் நாங்கள் எண்ணத் தொடங்கும் முன்பே குண்டு தரையில் கிடக்கும். கலிலியோவுக்கும் இதே சிக்கல்தான். அவரிடம் செக்கன் காட்டும் கடிகாரம்கூட இருக்கவில்லை. மரச்சட்டத்தில் வாய்க்கால் வெட்டி, உள்ளே தோல்தாள் ஒட்டி, வெண்கலக் குண்டை உருட்டினார். பாத்திரமொன்றின் சிறு துளையால் வழியும் நீரைப் பிடித்து நிறுத்து நேரத்தை அளந்தார். அந்த அனுபவம் 1638இல் வெளியான அவருடைய நூலில் இருக்கிறது. எங்களிடம் கைத்தொலைபேசியின் நிறுத்தற்கடிகாரம் இருந்தது. அதனால் 20, 80, 180 செ.மீ. என்ற மூன்று இடங்களில் அடையாளம் போட்டு, ஒவ்வொன்றையும் பத்துத் தடவை அளந்தோம்.

சராசரி நேரங்கள் 1.19, 2.36, 3.54 செக்கன். தூரங்கள் 1 : 4 : 9 என்ற விகிதத்தில் இருக்க, நேரங்கள் ஏறத்தாழ 1 : 2 : 3 என்று வந்து நிற்கின்றன. "தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கு விகிதசமன்" என்ற வரியை அவள் எத்தனையோ தடவை எழுதியிருப்பாள். தன் கையால் அளந்த இலக்கத்தில் அது வந்தபோது கொப்பியை என் பக்கம் திருப்பி, "மாமா, உண்மையாகவே வருகிறது" என்றாள்.

ஆர்முடுகலைக் கணித்தோம். ஓய்விலிருந்து தொடங்கியதால் தூரத்தின் இருமடங்கை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் போதும். மூன்று அடையாளங்களுக்கும் 0.28, 0.29, 0.29 மீ/செக்கன்². மாறா ஆர்முடுகல் என்பதன் பொருள் இதுதான்.

சிக்கல் அடுத்ததாக வந்தது. உராய்வில்லாத சாய்தளத்தில் ஆர்முடுகல், புவியீர்ப்பு ஆர்முடுகலைச் சைனால் பெருக்கியது என்று அவளுக்குத் தெரியும். 9.78 × 0.05 = 0.489. (9.81 என்பது புத்தகத்து எண். மத்திய கோட்டுக்குக் கிட்டவுள்ள மட்டக்களப்பில், கடல் மட்டத்தில், 9.78 என்பதே பொருத்தம்.) எங்களுக்குக் கிடைத்ததோ 0.29. "உராய்வுதான் மிச்சத்தைத் தின்றுவிட்டது" என்றாள். எங்கே இடித்தாலும் உராய்வின் மேல் பழியைப் போடும் வழக்கம் எல்லா மாணவர்களிடமும் உண்டு. ஆனால் உருக்குக் குண்டு வழவழப்பான விளிம்பில் ஓடும்போது நாற்பது வீதத்தை உராய்வு தின்னாது. அவ்வளவு உராய்வு இருந்தால் சட்டத்தைக் கொஞ்சம் பதித்ததுமே குண்டு நின்றுவிடும். பதித்துப் பார்த்தோம். ஏற்றத்தை 1 செ.மீ. ஆக்கியும் குண்டு ஓடியது.

மிச்சம் போன இடம் சுழற்சி. குண்டு வழுக்கவில்லை, உருள்கிறது. இறங்கும்போது இழக்கும் அழுத்தசக்தியில் ஒரு பங்கு முன்னே போவதற்கும் இன்னொரு பங்கு தன்னைச் சுற்றுவதற்கும் போகிறது. தட்டையான தளத்தில் உருளும் திண்மக் குண்டுக்கு ஆர்முடுகல் 5/7 மடங்காகக் குறையும். அப்படிப் பார்த்தால் 0.349. அதுவும் பொருந்தவில்லை. இரவு சாப்பிட்ட பிறகுதான் எனக்குக் காரணம் பிடிபட்டது. எங்கள் குண்டு அடியில் உருளவில்லை, இரண்டு விளிம்புகளில் உருள்கிறது. அச்சிலிருந்து விளிம்பு தொடும் இடத்துக்கு உள்ள தூரம் 9.5 மி.மீ. அல்ல. 9.5இன் வர்க்கத்திலிருந்து 6இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 7.4 மி.மீ. சிறிய சில்லுபோல், அதே தூரத்துக்கு அதிகமாகச் சுழல வேண்டியிருக்கிறது. அதைச் சேர்த்துக் கணித்தால் மடங்கு 0.60, ஆர்முடுகல் 0.294. நாங்கள் அளந்தது 0.29. அந்தச் சிறிய மிச்சத்தை வேண்டுமானால் உராய்வுக்கும் காற்றுக்கும் கொடுத்துவிடலாம்.

இந்தச் சுழற்சிக் கணக்குக்கு வேண்டிய சடத்துவத் திருப்பம் அவளுடைய பாடத்திட்டத்தில் பின்னால் வருகிறது. முழுவதையும் அன்றைக்கு விளக்கவில்லை. ஆனால் 0.489இலிருந்து 0.294 வரை வந்த வழியைக் கொப்பியில் எழுதவைத்தேன். கணக்குக்கும் அளவுக்கும் இடையில் வித்தியாசம் வந்தால் அதற்கு ஒரு காரணம் உண்டு, தேடினால் கிடைக்கும் என்ற நம்பிக்கை இந்த வயதில் வந்துவிட வேண்டும்.

இந்தச் சட்டத்தோடு இன்னொரு வேலையும் செய்தோம். எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 12, 48, 108, 192 செ.மீ. ஆகிய நான்கு இடங்களில் விளிம்பின் மேல் ஒட்டுநாடாவை மெல்லிய கீற்றாக வெட்டி ஒட்டினோம். 12ஐ 1, 4, 9, 16 ஆல் பெருக்கிய இடங்கள் அவை. குண்டு கீற்றைக் கடக்கும்போது 'டிக்' என்ற சின்னச் சத்தம் கேட்கும். கீற்றுகளுக்கு இடையிலுள்ள தூரம் கூடிக்கொண்டே போகிறது. குண்டின் வேகமும் கூடிக்கொண்டே போகிறது. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டினால் சத்தம் சம இடைவெளியில் வர வேண்டும்.

என் அப்பா, அவளுடைய அம்மப்பா, இளமையில் கூத்துக்குத் தாளம் போட்டவர். பட்டறைக்கு வெளியே கதிரையில் இருந்தவரை உள்ளே கூப்பிட்டோம். சட்டத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொன்னோம். குண்டை அடிமட்டத்தால் மறித்து வைத்து, அடிமட்டத்தை 'டக்' என்று தட்டி எடுத்தாள். டக், டிக், டிக், டிக், டிக். அப்பா விரலால் தொடையில் தட்டிக்கொண்டே கேட்டார். மூன்று தடவை விடச் சொன்னார்.

"பின்னால் வருவதெல்லாம் சரி. முதல் தட்டு கொஞ்சம் இழுக்கிறது" என்றார்.

எனக்கு அப்படி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தாளத்தில் அப்பாவின் காது பிழைத்து நான் கண்டதில்லை. சட்டத்தின் மேல் குனிந்து பார்த்தேன். அடிமட்டத்தைச் சுழிக் கோட்டில் வைத்திருந்தாள். அடிமட்டத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது குண்டின் முன்பக்கம். விளிம்பைத் தொடும் நடுப்பகுதியோ அதற்கு 9.5 மி.மீ. பின்னால். ஆக முதல் கீற்றுக்குக் குண்டு போக வேண்டியது 12 செ.மீ. அல்ல, 12.95 செ.மீ. நான்கு தூரங்களுக்கும் அதே 9.5 மி.மீ. கூடுகிறது. ஆனால் 192இல் அது ஒன்றுமில்லை, 12இல் அது பெரிய விடயம். கணக்குப் போட்டால் முதல் இடைவெளி 0.95 செக்கன், மற்றவை 0.90, 0.91, 0.91. வித்தியாசம் செக்கனில் இருபதில் ஒரு பங்குதான். அப்பாவின் காது அதைப் பிடித்துவிட்டது. அடிமட்டத்தை 9.5 மி.மீ. முன்னே நகர்த்தியதும் "இப்போது சரி" என்று சொல்லிவிட்டுக் கதிரைக்குப் போய்விட்டார்.

பரீட்சையில் "ஓய்விலிருந்து புறப்படும் ஒரு துணிக்கை" என்று எழுதுகிறார்களே, அந்தத் துணிக்கைக்குப் பருமன் இல்லை. எங்கள் குண்டுக்கு இருந்தது. எந்தப் புள்ளியிலிருந்து அளக்கிறேன் என்ற கேள்வியை அதற்குப் பிறகு அவள் ஒரு கணக்கிலும் மறக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எறியம், அதாவது எறியப்பட்ட பொருளின் இயக்கம். ஒரு அங்குலப் பிவிசி குழாயில் மணலை இறுக்கி நிரப்பி, சூடான காற்றை ஊதும் கருவியால் இளக்கி, கீழ்முனை கிடையாக வரும்படி வளைத்து, ஆறிய பின் நீளப்பாட்டில் இரண்டாக அறுத்தேன். (நெருப்பில் நேராகக் காட்ட வேண்டாம். குழாய் கருகினால் வரும் புகை நச்சு.) பாதிக் குழாயின் அடியில் குண்டு உருளும், ஆகவே இங்கே 5/7 கணக்கு அப்படியே பொருந்தும். மேசையின் ஓரத்தில் இதைக் கட்டினோம். குண்டை விடும் இடம் வாய்க்கு 30 செ.மீ. மேலே. வாய் தரைக்கு 78 செ.மீ. மேலே. வாய்க்கு நேர் கீழே தரையில் எந்தப் புள்ளி என்பதை மேசன்மாரின் தூக்குக்குண்டால் குறித்தோம். மேசைக் காலிலிருந்து அளக்கக் கூடாது. மேசைக் கால்கள் ஓரத்துக்கு உள்ளேதான் நிற்கும்.

வாய் கிடையாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, கடைசி 10 செ.மீ. பகுதியில் குண்டை வைத்துவிட்டு விடுவது. எந்தப் பக்கமும் உருளாமல் நின்றால் சரி. இதில் சோம்பல்பட்டால் ஒரு பாகைச் சரிவிலேயே விழும் இடம் 7 மி.மீ. அளவு மாறிவிடும்.

குண்டை விடுவதற்கு முன்பே எங்கே விழும் என்று கணித்துக் கோடு போட வேண்டும் என்பது என் நிபந்தனை. விழுந்த பிறகு கணக்குப் போட்டால் மனம் விடையின் பக்கம் சாயும்.

அவள் இரண்டு நிரல்கள் போட்டாள். இடப்பக்கம் கிடை, வலப்பக்கம் நிலைக்குத்து. கிடைத் திசையில் ஆர்முடுகல் சுழி. நிலைக்குத்துத் திசையில் தொடக்க வேகம் சுழி. இரண்டு நிரலுக்கும் பொதுவானது நேரம் ஒன்றுதான். எறியக் கணக்குகளில் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இரண்டு நிரலையும் ஒன்றாகக் குழப்புவதால்தான். கிடை வேகத்தை எடுத்து நிலைக்குத்துச் சமன்பாட்டில் போட்டுவிடுவார்கள். நடுவில் ஒரு கோடு கீறி, அந்தக் கோட்டைத் தாண்டுவதற்கு நேரத்துக்கு மட்டும் அனுமதி என்று வைத்துக்கொண்டால் அந்தத் தடுமாற்றம் நீங்கிவிடும்.

விழும் நேரம்: 2 × 0.78 ஐ 9.78 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.399 செக்கன். வேகத்துக்கு முதலில் வழுக்கும் பொருளின் கணக்கையே போட்டாள், 2.42 மீ/செக்கன். கிடைத்தூரம் 96.7 செ.மீ. சிவப்புக் கோடு போட்டாள். பிறகு "மாமா, பொறுங்கள், இது உருள்கிறதல்லவா?" என்று தானே நிறுத்தினாள். வேகத்தின் வர்க்கத்துக்கான கணக்கில் 2 இருந்த இடத்தில் 2 × 5/7, அதாவது 10/7 ஐப் போட்டால் வேகம் 2.05, கிடைத்தூரம் 81.8 செ.மீ. நீலக் கோடு.

வெள்ளைத்தாளும் அதன் மேல் காபன் தாளும் விரித்தோம். பத்துத் தடவை விட்டோம். கரும்புள்ளிகள் எல்லாம் ஒரு ரூபாய்க் குற்றியால் மூடிவிடக்கூடிய வட்டத்துக்குள் விழுந்தன. சராசரி 79.1 செ.மீ. நீலக் கோட்டுக்கு 2.7 செ.மீ. குறைவு, சிவப்புக் கோட்டுக்கு எட்டவே இல்லை. 1608ஐ ஒட்டிய கலிலியோவின் கையெழுத்துத் தாள் ஒன்றிலும் இதே அமைப்புத்தான் இருக்கிறது. சாய்தளத்தில் வெவ்வேறு உயரங்களிலிருந்து குண்டை விட்டு, மேசையிலிருந்து தாண்டி விழும் தூரங்களைக் குறித்திருக்கிறார். சுழற்சிக்குப் போகும் சக்தியைக் கணக்கிடும் வழி அவர் காலத்தில் கிடையாது. உயரம் மாற மாறத் தூரங்கள் எந்த விகிதத்தில் மாறுகின்றன என்பதை வைத்தே அவர் வேலையைக் கொண்டுபோனார்.

அந்த 2.7 செ.மீ. குறைவை நாங்களும் அப்படியே எடுத்துக்கொண்டோம். குழாய் வளைவில் ஏதோ கொஞ்சம் இழக்கிறது, இருக்கட்டும். 79.1ஐ 0.399 ஆல் வகுத்தால் உண்மையான வேகம் 1.98 மீ/செக்கன். விடும் இடத்தை மாற்றாதவரை இந்த வேகம் மாறாது. இனி உயரத்தை மாற்றுவோம், ஆனால் குண்டு தாளில் விழாது, டின்னுக்குள் விழ வேண்டும் என்றேன்.

மேசையின் நான்கு கால்களுக்கும் கீழே கொங்கிரீட் கற்கள் அடுக்கினோம். வாய் தரைக்கு 1.23 மீற்றர் மேலே வந்தது. சமையலறையிலிருந்து ஒரு டின்மீன் டின்னைக் கழுவி எடுத்துவந்தாள். விழும் நேரம் 0.5015 செக்கன். கிடைத்தூரம் 1.98 × 0.5015 = 0.993 மீற்றர். 99.3இல் புள்ளி வைத்து, டின்னின் நடு அதன் மேல் வரும்படி வைத்தாள். அக்காவும் அப்பாவும் பார்க்க வந்துவிட்டார்கள். குண்டை விட்டாள்.

'டங்' என்று டின்னின் விளிம்பில் பட்டுக் கதவுப் பக்கம் தெறித்து ஓடியது. மறுபடி விட்டாள். மறுபடியும் அதே விளிம்பு, எங்கள் பக்கத்து விளிம்பு.

நான் கற்கள் அசைந்திருக்குமோ என்று மேசைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தரையில் முழங்காலிட்டு, டின்னின் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தி, பக்கவாட்டிலிருந்து பார்த்தாள். பிறகு அளவுநாடாவை எடுத்து டின்னை அளந்தாள். உயரம் 11 செ.மீ.

"மாமா, நான் தரைக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன். குண்டு தரைக்குப் போவதில்லை. டின்னின் வாய்க்குத்தான் போகிறது."

1.23இலிருந்து 0.11 கழித்தால் 1.12 மீற்றர். நேரம் 0.4786 செக்கன். கிடைத்தூரம் 94.8 செ.மீ. டின்னின் விட்டம் 7.4. நடு 99.3இல் இருந்தால் முன்விளிம்பு 95.6இல் நிற்கும். 94.8இல் வரும் குண்டு அதில் இடித்தே தீரும். எங்கள் காதில் விழுந்த 'டங்' அந்த 8 மி.மீ.தான். டின்னை 4.5 செ.மீ. உள்ளே நகர்த்தினாள். இந்தத் தடவை சத்தம் டின்னுக்குள்ளிருந்து வந்தது. தொடர்ந்து ஏழு தடவை விட்டாள், ஏழும் உள்ளே. அக்காவைக் கூப்பிட்டு எட்டாவதை அவளைக் கொண்டு விடுவித்தாள்.

நான் மேசைக் காலைச் சந்தேகித்துக்கொண்டு நின்ற இடத்தில் அவள் கேள்வியைச் சந்தேகித்தாள். நிலைக்குத்து இடப்பெயர்ச்சி எங்கிருந்து எங்கே என்பதுதான் முதல்நாள் கட்டடக் கணக்கிலும் அவளை மறித்தது. அன்றைக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். இன்றைக்கு அவளே கண்டுபிடித்தாள்.

இடையில் பாடக் கணக்குகளையும் கைவிடவில்லை. மாறா ஆர்முடுகல் கணக்குகளுக்கு ஒரே ஒழுங்கு வைத்துக்கொண்டாள். படம் கீறு, நேர்த்திசைக்கு அம்பு போடு, ஐந்து கணியங்களில் தெரிந்த மூன்றை எழுது, தேவையில்லாத ஒன்று இல்லாத சமன்பாட்டை எடு. கல்லடிப் பாலத்தில் 36 கி.மீ. கதியில் வரும் பஸ் 2 மீ/செக்கன்² அமர்முடுகலில் (வேகம் குறையும் வீதத்தில்) நின்றால் 25 மீற்றர் ஓடும். 54 கி.மீ. கதியில் வந்தால் 56 மீற்றர். கதி ஒன்றரை மடங்கு, தூரம் இரண்டேகால் மடங்கு. இப்படிப்பட்ட கணக்குகள் இப்போது அவளுக்குச் சில நிமிட வேலை.

கடைசியாகச் சாய்வாக எறிதல். இதற்குக் குண்டு வேண்டாம், தண்ணீர் போதும். நீரோட்டம் தன் பாதை முழுவதையும் ஒரே நேரத்தில் கண்ணுக்குக் காட்டிவிடுகிறது. மேல் தொட்டியிலிருந்து வரும் குழாயின் முனையில் சிறிய வாய் பொருத்தி, பாகைமானியை அட்டையில் பெரிதாக வரைந்து பக்கத்தில் நட்டோம். கச்சான் காற்று எழும்பினால் நீர்த்தாரை கலைந்துவிடும் என்பதால் காலை 6 மணிக்கே வளவில் இறங்கிவிட்டோம். எங்கள் மண் மணல் என்பதால் தண்ணீர் விழும் இடம் கறுப்பாகத் தெளிவாகத் தெரியும், அளப்பதும் சுலபம்.

முதலில் கிட்டத்தட்ட நேர் மேலே விட்டோம். முற்றிலும் நேராக விட்டால் திரும்பி விழும் நீர் ஏறும் நீரை இடித்து உயரத்தைக் குறைத்துவிடும், ஒரு மயிரிழை சரிக்க வேண்டும். உயரம் 1.25 மீற்றர். இந்த ஓர் அளவே போதும். உயரம், வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு ஆர்முடுகலின் இருமடங்கால் வகுத்தது. 45 பாகையில் கிடை வீச்சு, வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு ஆர்முடுகலால் வகுத்தது. ஆகவே அதிகூடிய வீச்சு உயரத்தின் இருமடங்கு, 2.50 மீற்றர். வேகமும் தேவையில்லை, 9.78உம் தேவையில்லை. 2.50இல் ஈர்க்குக் குச்சி ஒன்றை ஊன்றினாள். 45 பாகையில் திருப்பினோம். 2.46இல் மணல் கறுத்தது. 30 பாகைக்கும் 60 பாகைக்கும் ஒரே வீச்சு வர வேண்டும், 60 பாகையின் சைனால் பெருக்கினால் 2.17. அளந்தது 2.14உம் 2.11உம். ஒன்று தாழ்ந்து நீண்ட வளைவு, மற்றது உயர்ந்து ஒடுங்கிய வளைவு, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே குச்சியடியில் வந்து முடிவதை அவள் திரும்பத் திரும்பத் திருப்பிப் பார்த்தாள்.

அந்தக் காலையைத்தான் நான் காத்திருந்தேன். குழாயை 60 பாகையில் நிறுத்திவிட்டு, யன்னலுக்கு வைத்திருந்த பலகைத் துண்டொன்றை எடுத்துத் தாரையின் ஏறுபக்கத்தை மறைத்தபடி நிமிர்த்திப் பிடித்தேன். அரை மீற்றர் உயரம். அவள் நின்ற பக்கத்திலிருந்து பார்த்தால் குழாய் தெரியாது. பலகையின் உச்சியிலிருந்தே நீர் புறப்பட்டு, மேலே போய், வளைந்து, பலகையின் அடிவரைக்கும் இறங்கி மணலில் விழுகிறது.

"இப்போது நீர் எங்கிருந்து புறப்படுகிறது?"

"பலகையின் உச்சியிலிருந்து... இல்லை, பலகைக்குப் பின்னால் இருந்து."

"சமன்பாட்டுக்குப் பலகை தெரியுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஈரக் கையோடு வீட்டுக்குள் ஓடிப்போய், முதல்நாள் கொப்பியை எடுத்துவந்து திண்ணையில் வைத்து, கட்டடக் கணக்கின் பக்கத்தைத் திறந்தாள். வெட்டிய −1இன் மேல் விரலை வைத்து வாய்க்குள் ஏதோ கணித்தாள். எறிவதற்கு 1 செக்கன் முன்னால், வேகம் 10 + 10. இடம், உச்சிக்கு 15 மீற்றர் கீழே.

வெட்டுக்கோட்டுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் எழுதினாள்: "தரையிலிருந்து 20 மீ/செக்கனில் எறிந்திருந்தால், பந்து 1 செக்கனில் உச்சியைக் கடந்திருக்கும், இதே 10 மீ/செக்கனில்."

நான் குழாயைப் பூட்டப் போனேன். "பொறுங்கள் மாமா" என்று பலகையை என் கையிலிருந்து வாங்கித் தானே பிடித்துப் பார்த்தாள்.